விமானப்படை வாத்தியார் வெளியே வாத்தியார் ஆக: நான் போன வழி

மலேசிய விமானப்படையில் பிசி-7 பயிற்சி விமானத்தின் பின்சீட்டில் உட்கார்ந்து பல வருடம் பயிற்சி கொடுத்தவன் நான். ஓய்வு பெற்றதும் சுபாங் பக்கம் செஸ்னா என்ற சின்ன சிவில் விமானத்தில் தொடரலாம் என்று பார்த்தால், படையில் வாங்கிய பயிற்றுநர் தகுதி வெளியே அப்படியே செல்லாது. புத்ராஜெயாவில் இருக்கும் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் உரிமமும் பயிற்றுநர் தகுதியும் தனியாக வாங்க வேண்டும். மெடிக்கல், படிவங்கள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், தாண்டிப் போகிறேன்.

முதலில், உங்கள் படை அனுபவத்துக்கு எந்தப் பாடத்தில் விலக்கு உண்டு என்று ஆணையத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதிலும் எழுத்தில் இருக்கட்டும். மாமாக் கடையில் தே தாரிக்கோடு சீனியர் சொன்னதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். யூடியூபையும் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் ராணுவப் பயிற்றுநருக்கு எழுத்துத் தேர்வு மட்டும் போதும், பறந்து காட்டத் தேவையில்லை. அது அவர்கள் ஊர்ச் சட்டம்.

அடுத்தது லாக்புக், அதாவது பறந்த மணிகளைப் பதியும் ஏடு. என்னை மூன்று வாரம் உட்கார வைத்தது இதுதான்.

எங்கள் ஸ்குவாட்ரனில் சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தொடும்வரைதான் கணக்கு. சிவில் கணக்கில், பறப்பதற்காக விமானம் முதலில் நகர்ந்த நொடியிலிருந்து கடைசியாக நிற்கும்வரை. இரண்டையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள். டாக்ஸி நேரத்தை, அதாவது விமானம் தரையில் உருண்டு போகும் நேரத்தை, நீங்களாகச் சேர்க்கவும் வேண்டாம். எந்தக் கணக்குப்படி எழுதியது என்று மேலே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

நான் செய்த தப்பு இன்னும் சின்னது. 1 மணி 20 நிமிடத்தை எக்செலில் 1.20 என்று அடித்தேன், 50 நிமிடத்தை 0.50 என்று. கூட்டினால் 1.70 வருகிறது. உண்மையில் அது 2 மணி 10 நிமிடம். இப்படியே பழைய ஏடு முழுவதையும் ஏற்றி முடித்த பிறகுதான் மொத்தம் உதைத்தது. 1:20 என்றே அடியுங்கள். கூட்டுத்தொகை 24 மணியைத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து காட்டும். அந்த செல்லுக்கு, நேர ஃபார்மெட் பட்டியலில் 37:30:55 என்று மாதிரி தெரிகிறதே, அதைத் தேர்ந்தெடுங்கள். இதற்கென்று மாதச் சந்தா கட்டும் ஆப் எதுவும் வேண்டாம், எக்செல் போதும். நீங்களே கேப்டனாகப் பறந்ததில் பயிற்சி கொடுத்த மணியைத் தனிப் பத்தியில் காட்டுங்கள்.

அப்புறம் வலது சீட். பிசி-7-இல் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக் வலது கையில், இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் இடது கையில். செஸ்னாவில் பயிற்றுநர் வலப்பக்கம் உட்காருவதால் எல்லாம் மாறிவிடும்: ஸ்டிக்குக்குப் பதிலான யோக் இடது கையில், த்ராட்டில் வலது கையில். முதல் தரையிறக்கத்தில் என் இடது கை சும்மா த்ராட்டிலைத் தேடியது. மூக்கும் ரன்வே நடுக்கோடும் அங்கிருந்து வேறு மாதிரி தெரியும். பறந்து காட்டும் சோதனைக்குப் போகுமுன் சர்க்யூட் (ஏறி, ரன்வேயைச் சுற்றி வந்து இறங்குவது) மட்டும் திரும்பத் திரும்பப் போடுங்கள்.

பாடம் நடத்துவதை லேசாக நினைக்காதீர்கள். பாடத்திட்டம் எழுதுவது, மாணவரின் தவறு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது, இன்ஜின் கோளாறு போல நடித்துக் காட்டுவதில் உள்ள ஆபத்து, எல்லாமே சர்வதேச விதியில் பயிற்றுநர் அறிய வேண்டியவை. பவர்பாயிண்டை விட வெள்ளைப் பலகையும் கையடக்க மாடல் விமானமும் எனக்குப் பிடிக்கும். அவரவர் இஷ்டம். ஆனால் படைக் குரலைக் குறையுங்கள். எதிரில் இருப்பவர் கேடட் இல்லை, சொந்தக் காசு கட்டி வந்தவர்.

பிறகு சேர்த்தது: பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி எழுதினார். எல்லாம் தயாராம், ஆங்கிலத் திறன் சான்று மட்டும் இல்லையாம். "தினமும் ரேடியோவில் பேசுகிறேனே அண்ணே" என்கிறார். பேசினால் போதாது தம்பி, சான்று வேண்டும். ஆறு நிலைகளில் குறைந்தது நிலை 4 வேண்டும். அதற்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுதேர்வு, நிலை 6 என்றால் மறுபடி எழுத வேண்டியதில்லை. தேதிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கலாம், லாக்புக் வேலை தொடங்கும்போதே பதிந்துவிடுங்கள்.