1 கிகாபிட் இணைப்பில் 94 மெகாபிட்

காட்பாடி பக்கம் ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். தேசிய அறிவு வலையமைப்பு எங்களுக்கும் உண்டு. 2010-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த திட்டம். பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் கண்ணாடி இழையால் கோக்கிறது. எங்கள் பங்கு நொடிக்கு 1 கிகாபிட், அதாவது 1000 மெகாபிட்.

ஆனால் பயோடெக் மேடம் 200 ஜிபி மரபணுத் தரவை இறக்கினால் ஐந்து மணி நேரம். "என்ன சார், செல்போன்லயே வேகமா வருது!" என்று சிரித்தார். எனக்கு மானம் போனது.

வலையமைப்பின் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். எத்தனை முறை சோதித்தாலும் 94 மெகாபிட். அந்த எண்தான் காட்டிக்கொடுத்தது. நெரிசல் என்றால் வேகம் ஏறி இறங்கும். 94-லேயே நின்றால் நடுவில் ஏதோ ஒரு போர்ட் (கேபிள் செருகும் இடம்) 100 மெகாபிட்டில் ஓடுகிறது; முகவரி போன்ற கூடுதல் தகவல் போக மிஞ்சுவதுதான் 94. கிகாபிட்டுக்கு கேபிளில் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். மற்ற இரண்டில் ஒரு ஜோடி அறுந்தாலும், கேபிள்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டி பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும்.

சர்வர் அறையிலிருந்து மாடி வரை கேபிளைத் தடவிக்கொண்டே போனோம், நானும் எலக்ட்ரீஷியன் அண்ணனும். வேலூர் வெயிலில் ஃபால்ஸ் சீலிங்குக்குள் தலையை விடுவது தனி தண்டனை. ஏசி குழாய் பக்கத்தில் எலி கடித்திருந்தது. "இதுக்கா ரெண்டு மாசமா பிராவைடரைத் திட்டினீங்க?" என்றார் அண்ணன்.

புது கேட்6 கேபிள் இழுத்ததும் 940. சரி, மேடம் தரவு எடுக்கும் ஐரோப்பிய சர்வர் மட்டும் இன்னும் மந்தம். தூரம் அதிகமென்பதால் ஒரே இணைப்பு, அனுப்பியது கிடைத்தது என்ற ஒப்புகைக்குக் காத்தே நேரம் போக்குகிறது. எட்டு இணைப்புகளாகப் பிரித்து இறக்கச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது மேடம் கூப்பிடுவதில்லை.