எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்துவிட்டதா? பிரிவுகளைப் படிப்பதிலிருந்து வக்காலத்து போடுவது வரை

பதினேழு வருடமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். மகன் மேல் வழக்கு. சுவர்த் தகராறில் பக்கத்து வீட்டுக்காரரோடு கைகலப்பு. "மூணு வருஷம் உள்ளே போயிடுவான்னு சொல்றாங்க" என்று அழுதார். முடித்துத் தருகிறேன் என்று யாரோ ஒருவர் எட்டாயிரம் ரூபாய் வாங்கிப் போயிருந்தார். ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்த எஃப்.ஐ.ஆரை வாங்கிப் பிரித்தேன். அதில் இருந்தவை மூன்று பிரிவுகள், மூன்றும் ஜாமீனில் விடக்கூடியவை. அந்தத் தாளை யாருமே படிக்கவில்லை. இந்தப் பதிவு அதைப் படிக்கத்தான்.

முதல் படி: கையில் இருப்பது என்ன தாள்?

காவல் நிலையத்திலிருந்து வரும் எல்லாத் தாளும் வழக்கு அல்ல. சி.எஸ்.ஆர். என்பது புகார் மனு வந்திருக்கிறது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்குப் பதிவு. அதன் பிறகு விசாரணை நடந்து, காவல்துறை கோர்ட்டில் தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை. அதைப் படித்துப் பார்த்து மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டு வனைவது, அதாவது எந்தக் குற்றத்துக்காக வழக்கு நடக்கும் என்று முறைப்படி எழுதுவது, இன்னும் அடுத்த கட்டம். எஃப்.ஐ.ஆரில் பெயர் இருப்பதால் ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. இதை வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள், பாதி பயம் அங்கேயே போய்விடும்.

தாள் கையில் இல்லையா? பெண்கள், குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகள் நீங்கலாக, எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், காவல் நிலையம், எண், ஆண்டு கொடுத்துத் தேடலாம்.

இரண்டாம் படி: பிரிவுகளைப் படியுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. சுருக்கமாக பி.என்.எஸ். சம்பவம் அந்தத் தேதிக்கு முன் நடந்திருந்தால் பழைய பிரிவுகளே இருக்கும். 323, 420 என்று காதில் விழுந்து பழகிய எண்களை வைத்துப் புது எஃப்.ஐ.ஆரைப் படித்தால் குழப்பம்தான்.

அந்த அம்மாவின் தாளில் இருந்தவை இவை. 296(பி), பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது, பழைய 294(பி). அதிகபட்சம் மூன்று மாதம். 115(2), காயம் ஏற்படுத்தியது, பழைய 323. அதிகபட்சம் ஒரு வருடம் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 351(2), மிரட்டல், அதிகபட்சம் இரண்டு வருடம். தெருச் சண்டை வழக்குகளில் இந்த மூன்றும் சேர்ந்தே வரும். இவற்றில் ஜாமீன் கேட்பது உரிமை. ஜாமீன்தாரர் கொடுக்கத் தயாராக இருந்தால் காவல் நிலையத்திலேயே விட வேண்டும்.

இதே தாளில் 118(1) என்று ஒரு எண் கூடியிருந்தால் கதை வேறு. கத்தி, அரிவாள் போன்ற ஆயுதத்தால் காயம் என்று பொருள். மூன்று வருடம் வரை தண்டனை, ஜாமீனில் விட முடியாத பிரிவு. அதற்காக ஜாமீனே கிடைக்காது என்று நினைத்துவிடாதீர்கள். கோர்ட்டில் மனு போட்டுக் கேட்க வேண்டும் என்றுதான் பொருள். கைதுக்கு முன்பே என்றால் முன்ஜாமீன். அதை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கேட்க முடியாது, செஷன்ஸ் கோர்ட்டுக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போக வேண்டும்.

பிரிவுகளைப் பார்த்த பிறகு சம்பவம் நடந்த நேரத்தையும், காவல் நிலையத்துக்குத் தகவல் கிடைத்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே மூன்று நாள் இடைவெளி இருந்தால், அந்தத் தாமதத்துக்குக் காரணம் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எங்கள் வக்கீல் எந்த எஃப்.ஐ.ஆரை வாங்கினாலும் முதலில் விரல் வைக்கும் இடம் அதுதான்.

மூன்றாம் படி: காவல் நிலையம் கூப்பிட்டால்

ஏழு வருடம் வரை தண்டனை உள்ள வழக்குகளில் உடனே கைது செய்யாமல், ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பதே முறை. புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 35(3). அந்த நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள். போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணம் ஆகிவிடும். விசாரணைக்குக் கூப்பிடுவதிலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. சாட்சி சொல்ல அழைக்கப்படும் பெண்களையும் 60 வயது கடந்தவர்களையும் நிலையத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும்.

கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கவும் உரிமை உண்டு. விசாரணையில் நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்து தேவையில்லை. வெற்றுத் தாளில் எந்த நிலையிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

நான்காம் படி: எந்த ஊர் வக்கீல்?

வழக்கு எந்தக் காவல் நிலையத்தில் இருக்கிறதோ, அந்த நிலையம் எந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குக் கீழ் வருகிறதோ, அங்கே தினமும் நிற்கிற வக்கீலைத் தேடுங்கள். நீங்கள் சென்னையில் வேலை பார்த்தாலும் வழக்கு மதுரைப் பக்கம் திருமங்கலத்தில் என்றால் திருமங்கலத்து வக்கீல்தான் வசதி. ஜாமீன் மனுவை எத்தனை மணிக்குள் கொடுக்க வேண்டும், ஜாமீன்தாரரிடம் அந்தக் கோர்ட்டில் வீட்டு வரி ரசீது கேட்பார்களா, வேறு என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வெளியூர் வக்கீல் ஒரு வாய்தாவுக்கு வந்து போகும் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

வக்கீல்கள் விளம்பரம் செய்ய பார் கவுன்சில் விதி தடை போடுகிறது. அதனால் விளம்பரம் பார்த்துத் தேடாதீர்கள். கோர்ட்டுக்கே ஒரு நாள் போய்ப் பின் பெஞ்சில் உட்காருங்கள். யார் கேஸ் கட்டைப் படித்துவிட்டு வந்து பேசுகிறார், யார் வாய்தா மட்டும் கேட்கிறார் என்று ஒரு காலைப்பொழுதிலேயே தெரிந்துவிடும். இ-கோர்ட்ஸ் செயலியில் வக்கீல் பெயரைப் போட்டும் தேடலாம், அவர் நடத்தும் வழக்குகள் வரும். கிரிமினல் வழக்குகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சொத்து வழக்கில் கெட்டிக்காரர் ஜாமீன் மனுவிலும் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: முதல் பேச்சு, ஃபீஸ்

நல்ல வக்கீல் முதலில் தாளைக் கேட்பார். நடந்ததை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், நீங்கள் கை நீட்டியிருந்தால் அதையும் சேர்த்து. அவரிடம் சொல்வதை ரகசியமாக வைக்க வேண்டியது அவருடைய சட்டக் கடமை. "ஜட்ஜை எனக்குத் தெரியும்", "நூறு சதவீதம் ஜாமீன்" என்று பேசுகிறவர் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஃபீஸை வெட்கப்படாமல் கேளுங்கள். ஜாமீனுக்கு மட்டும் எவ்வளவு, விசாரணை முடியும் வரை எவ்வளவு, டைப்பிங், நகல் செலவு அதற்குள் வருமா என்று தனித்தனியாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஜெயித்தால் இவ்வளவு என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே தவறு.

பணம் இல்லையென்றால் 15100 என்ற இலவச எண்ணில் கூப்பிடுங்கள், அல்லது கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேராகப் போங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று நடத்துவார்கள் என்ற பேச்சை நம்பி அந்தக் கதவைத் தட்டாமல் இருந்துவிடாதீர்கள். அங்கே முழுமூச்சாக உழைக்கும் வக்கீல்களை நான் தினமும் பார்க்கிறேன்.

ஆறாம் படி: வக்காலத்து, அப்புறம் வாய்தா

வக்காலத்தில் கையெழுத்துப் போட்டால் அவர் உங்கள் சார்பில் ஆஜராகலாம். அது ஆயுள் ஒப்பந்தம் அல்ல. நம்பிக்கை போய்விட்டால் அவரிடம் ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்கி வேறு வக்கீலை அமர்த்தலாம். ஃபீஸ் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது.

வழக்கு கோர்ட்டில் பதிவானதும் 16 இலக்க சி.என்.ஆர். எண், அதாவது அந்த வழக்குக்கே உரிய அடையாள எண், கிடைக்கும். அதை வாங்கி போனில் சேமித்து வையுங்கள், அடுத்த வாய்தா தேதியை நீங்களே செயலியில் பார்க்கலாம். வாய்தாவுக்கு வர முடியாத நாள் என்றால் முதல் நாளே வக்கீலுக்குச் சொல்லுங்கள், அன்றைக்கு மட்டும் விலக்குக் கேட்டு மனு போடுவார். சொல்லாமல் நின்றுவிட்டால் பிடிவாரண்ட். அந்த அம்மாவின் மகனுக்கு நான் முதலில் எழுதிக் கொடுத்ததும் தேதிதான், காலண்டர் தாளின் பின்பக்கத்தில், பெரிய எழுத்தில்.