அண்ணனின் குடி: ஊருக்குப் பயந்து நான் செய்த தப்பு

எங்கள் ஊரில் மொத்தமே இருநூறு வீடு. யார் குடிக்கிறார் என்பது ரகசியமே இல்லை. மனநல டாக்டரிடம் போனால்தான் பேச்சு. அதற்குப் பயந்து, அண்ணனை வீட்டிலேயே பூட்டி வைத்துக் குடியை நிறுத்தப் பார்த்தேன்.

மறுநாள் கை நடுக்கம், வியர்வை. மூன்றாம் நாள் இரவு, சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார். 108-ஐ அழைத்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம் என்று அங்கேதான் தெரிந்தது. நடுக்கம் அடங்க மாத்திரை, கூடவே தையமின் என்ற பி1 வைட்டமின் ஊசி. ஒன்பது நாள் இருந்தோம்.

அண்ணி ஒரு மாத்திரை வாங்கி வைத்திருந்தார், குழம்பில் தெரியாமல் கலக்க. டைசல்ஃபிரம்; அதைச் சாப்பிட்டவர் குடித்தால் உடம்பு படுத்தும், அந்தப் பயத்தில் குடியை விடவைக்கும் மருந்து. டாக்டரிடம் செம திட்டு! விஷயம் தெரியாமல் அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகிவிடுமாம்.

அடுத்து எங்கே போவது என்று 14446-ஐக் கேட்டேன். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், கட்டணமில்லை. இப்போது அண்ணன் வாரம் ஒருமுறை, இரண்டு பஸ் மாறி, பக்கத்து டவுனில் நடக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு) கூட்டத்துக்குப் போகிறார். தூரம்தான். ஆனால் அங்கே எங்களை யாருக்கும் தெரியாது.

நடுவில் கோயில் கொடையன்று ஒருமுறை குடித்துவிட்டார். இந்தத் தடவை பூட்டவில்லை; காலையில் அவரே டாக்டரிடம் கிளம்பினார்.