கலோரிக் கட்டுப்பாடு: தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடல்நலத்துக்காகவும் நீண்ட ஆயுளுக்காகவும் உணவின் ஆற்றலைக் குறைத்துக்கொள்ள விரும்பி என்னிடம் யோசனை கேட்டு வருவோர் இப்போது அதிகமாகியிருக்கிறார்கள். அவர்கள் எழுதிக்கொண்டுவரும் உணவுக் குறிப்புகளைப் படிக்கும்போதெல்லாம், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளையே மீண்டும் காண்கிறேன். இனிப்பையும் பஜ்ஜியையும் குறைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, விவரம் அறிந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் பாதியாக்குவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னைப் பொறுமையிழக்கச் செய்யும் தவறு இது. தட்டில் உள்ளதையெல்லாம் பாதியாக்கினால் கலோரி பாதியாகும் என்பது உண்மைதான். அதோடு புரதமும் இரும்பும் கால்சியமும் பி12 வைட்டமினும் பாதியாகிவிடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1935-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளைவ் மெக்கே எலிகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறைக்கே அடித்தளம். அவர் எலிகளுக்கு ஆற்றலைக் குறைத்தார். வைட்டமின்களும் தாதுக்களும் குறையாதபடி உணவைத் திட்டமிட்டிருந்தார். அந்த இரண்டாம் பகுதியை விட்டுவிட்டால் மிஞ்சுவது ஊட்டச்சத்துக் குறைபாடு மட்டுமே.

என் உறவினரான ஐம்பது வயது கடந்த பெண்மணி ஒருவர், சாதம், சாம்பார், பொரியல், மோர் அனைத்தையும் சரிபாதியாக்கிச் சில மாதங்கள் உறுதியாக இருந்தார். எடை இறங்கியது, பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். ஆனால் தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாத நிலைக்கு அவர் வந்திருந்தார், முடி கொத்தாக உதிர்ந்தது, இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும் பி12-உம் குறைந்திருந்தன. அப்போதும் அவர் எடை இயந்திரம் காட்டிய எண்ணையே எனக்குச் சான்றாகச் சொன்னார். இறங்கிய எடையில் ஒரு பங்கு தசை என்பதை அந்த இயந்திரம் காட்டாது.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 46 கிராம். அதுவும் ஆற்றல் போதுமான அளவில் கிடைக்கும்போதுதான். ஆற்றல் குறையும்போது புரதத்தின் ஒரு பகுதி எரிபொருளாகச் செலவாகிவிடுவதால் தேவை கூடுமே தவிரக் குறையாது. இரண்டு இட்லி, ஒரு கப் சாதம், ஒரு கரண்டி சாம்பார், இரவில் ஒரு தோசை என்று சாப்பிடுபவர் அந்த 46 கிராமில் பாதியைத் தாண்டுவதே கடினம்.

நம் நாட்டவருக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், தம்மையும் தம் ஆங்கிலேய நண்பரான மருத்துவர் ஜான் யட்கினையும் ஒப்பிட்டு 2004-இல் ஒரு குறிப்பு வெளியிட்டார். இருவருக்கும் உடல் நிறைக் குறியீட்டெண் (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ) 22.3தான், ஆனால் யட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2 விழுக்காடு. ஒல்லியான தோற்றத்துக்குள் கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் இருக்கும் இத்தகைய உடலமைப்பு இந்தியரிடையே பரவலாகக் காணப்படுகிறது. இருக்கும் கொஞ்சத் தசையையும் இழந்துவிட்டு நீண்ட ஆயுளை எதிர்பார்ப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

ஆகவே குறைப்பதற்கு முன் மாற்றுங்கள். 150 கிராம் சாதத்தை எடுத்துவிட்டு, 50 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்துச் சுண்டலாக வையுங்கள். கலோரி கிட்டத்தட்ட அதேதான், புரதம் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும். சாம்பாரில் பருப்பைக் கெட்டியாக்குங்கள், கீரையையும் தயிரையும் அளவு குறைக்காமல் வையுங்கள், முட்டை உண்பவர்கள் அதை விட்டுவிடாதீர்கள். இந்த மாற்றம் பழகிய பிறகு சாதம், எண்ணெய், தேங்காய் ஆகியவற்றில் கை வையுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியும் சேர்ந்தால்தான் தசை பெருமளவு தங்கும். நடைப்பயிற்சி மட்டும் இதற்குப் போதாது.

எண்ணெயைக் கண்ணால் அளப்பது

சாதத்தைத் தராசில் வைத்து எடைபோடுபவர்கள்கூடத் தாளிக்கும் எண்ணெயை உத்தேசமாக ஊற்றுகிறார்கள். 15 மில்லி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. இது சுமார் 90 கிராம் சாதத்துக்குச் சமம்.

முதல் வாரத்திலேயே கால் பங்கைக் குறைப்பது

அமெரிக்காவில் நடந்த ‘கேலரி’ (CALERIE) என்னும் கலோரிக் கட்டுப்பாட்டு ஆய்வில், உடற்பருமன் இல்லாத 200-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். இரண்டு ஆண்டுகள் 25 விழுக்காடு குறைப்பதே இலக்கு. வல்லுநர்களின் தொடர்ந்த துணை இருந்தும் அவர்கள் எட்டியது சராசரியாக 12 விழுக்காடுதான். அந்த அளவிலேயே இரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் குறைந்தன. எலும்பு அடர்த்தியும் சற்றுக் குறைந்தது என்பதை ஆர்வமிகுதியில் இருப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். 10 விழுக்காட்டில் தொடங்கிச் சில மாதங்கள் அங்கேயே நிலைப்பது எந்த வகையிலும் தோல்வியாகாது.

கூடும் ஆண்டுகளைக் கணக்கிடுவது

ரீசஸ் குரங்குகளை வைத்து விஸ்கான்சினில் நடந்த ஆய்வு 2009-இல் நம்பிக்கையூட்டும் முடிவைத் தந்தது. அமெரிக்கத் தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தின் ஆய்வு 2012-இல் ஆயுள் கூடவில்லை என்றது. மனிதரின் ஆயுள் எத்தனை ஆண்டு கூடும் என்று உறுதியாகச் சொல்லும் சான்று இல்லை.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டே தொடங்குவது

மருத்துவர் மருந்தின் அளவைத் திருத்தித் தரும் வரை ஒரு வேளை உணவைக்கூடக் குறைக்காதீர்கள்.

தொடங்கவே கூடாதவர்கள் தொடங்குவது

கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பருவத்தினர், உடல் நிறைக் குறியீட்டெண் 18.5-க்குக் கீழே உள்ளவர்கள்.

உடலின் முறையீட்டை வெற்றி என்று எண்ணுவது

1944–45-இல் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் ஏறத்தாழப் பாதி உணவே கொடுத்து ஆராய்ந்தார். அவர்கள் எப்போதும் குளிரை உணர்ந்தார்கள், சோர்ந்தார்கள், நாள் முழுவதும் உணவைப் பற்றியே எண்ணினார்கள். இதே அறிகுறிகளை என்னிடம் பெருமையுடன் விவரிப்போர் உண்டு. பிறர் மின்விசிறி தேடும் வேளையில் உங்களுக்குக் குளிர்ந்தால், உறக்கம் நடுவில் கலைந்தால், அன்றாட உணவில் 100 முதல் 200 கலோரி வரை உடனே கூட்டி, அறிகுறி மறையும் வரை அந்த அளவிலேயே இருங்கள். மாதவிடாய் தள்ளிப்போனால் கட்டுப்பாட்டை நிறுத்திவிட்டு அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.