மேய்ன் கப்பல் வெடிப்பைப் பற்றி விடை எழுதும் முறை

ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கும் எனக்கு, "ஸ்பெயின் மேய்ன் கப்பலைத் தகர்த்ததால் போர் மூண்டது" என்ற வரி விடைத்தாள்களில் ஆண்டுதோறும் தவறாமல் வந்து சேர்கிறது. 1898இல் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே மூண்ட போரைச் சொல்லும் அந்த வரியில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கிடக்கின்றன. ஆகவே, கப்பல் ஏன் வெடித்தது என்பதை ஒரு தாளிலும் போர் ஏன் மூண்டது என்பதை வேறொரு தாளிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் தாளில், 1898 பெப்ரவரி 15 இரவு கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் அந்த அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்ததையும் 260க்கும் மேற்பட்டோர் மாண்டதையும் முதலில் எழுதுங்கள். அதன் கீழே, ஒவ்வொரு விசாரணையும் எந்தத் தடயத்தை நம்பியது என்பதைச் சேர்த்து எழுத வேண்டும். கப்பலின் அடிச்சட்டம் மேல்நோக்கி வளைந்திருந்ததைக் கொண்டு, வெளியே கடற்கண்ணி (நீருக்கடியில் வைக்கும் வெடி) வெடித்ததென்று அமெரிக்கக் கடற்படைக் குழு 1898 மார்ச்சில் முடிவு செய்தது. ஆயினும் அது எவர்மீதும் பொறுப்பைச் சுமத்தவில்லை (மாணவர்கள் விட்டுவிடுவது இந்தப் பாதியைத்தான்). துறைமுகத்தில் செத்த மீன்கள் மிதக்கவில்லை, நீர் தூணாக எழவில்லை என்று காட்டி, ஸ்பானியக் குழு உள்வெடிப்பே என்றது. 1911இல் சிதைவைச் சுற்றி அணையிட்டு நீரை இறைத்துப் பார்த்த அமெரிக்கக் குழுவும் கண்ணியையே சொன்னது, ஆனால் வெடித்த இடத்தை மாற்றிச் சொன்னது. நிலக்கரி அறையில் தானாக மூண்ட தீ அடுத்திருந்த வெடிமருந்தைப் பற்றவைத்திருக்கலாம் என்றது அட்மிரல் ரிக்கோவரின் 1976ஆம் ஆண்டு ஆய்வு.

நிலக்கரி எப்படித் தானாகச் சூடேறும் என்று கேட்கும் பிள்ளையிடம், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் லொறிக்காகக் காத்திருக்கும் சாக்கினுள் கையை விட்டுப் பார்க்கச் சொல்வேன். அமுக்கிக் கட்டிய கொழுந்தின் நடுவே கை சுடும். கொழுந்து தீப்பிடிக்காது, காரணமும் வேறு. ஆனால் குவியலுக்குள் அடைபட்ட வெப்பம் வெளியேற வழியின்றி ஏறுவதைக் கை அறிந்துகொள்ளும்.

இரண்டாம் தாள் 1895இல் ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த கியூபாவில் எழுந்த கிளர்ச்சியோடு தொடங்கட்டும். மக்களை முகாம்களில் அடைத்த ஸ்பானியத் தளபதி வெய்லரின் நடவடிக்கை, ஜனாதிபதி மெக்கின்லியை இழித்து ஸ்பானியத் தூதர் எழுதிய கடிதம் பெப்ரவரி 9இல் பத்திரிகையில் வெளியானது, ஹேர்ஸ்ட், புலிட்சர் பத்திரிகைகளின் ஆரவாரம் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். மேலதிக அறிக்கை வரும்வரை பொதுமக்கள் முடிவுக்கு வர வேண்டாம் என்று கப்பல் தலைவர் சிக்ஸ்பி தந்தியடித்திருந்ததையும் அங்கேயே குறிப்பிடுங்கள். ஏப்ரல் 25இல் அமெரிக்கக் காங்கிரஸ் போரை அறிவித்தது.

இரு தாள்களையும் இணைக்கும் வாக்கியத்தில் "ஸ்பெயின் தகர்த்தது" என்பதற்குப் பதிலாக "ஸ்பெயினே தகர்த்ததென்று அமெரிக்காவில் பலர் நம்பியது" என எழுதுங்கள். நேரம் போதாவிட்டால், போரை முடித்துவைத்த பாரிஸ் உடன்படிக்கையை ஒரே வரியில் முடித்துவிடலாம்.