முதல் தடவை கவுன்சலிங் போகிறீர்களா?

முதல் நாள் பெரும்பாலும் கேள்வியிலேயே போய்விடும். தூக்கம் எப்படி, சாப்பாடு இறங்குகிறதா, வீட்டில் யார் யார், இதற்கு முன் மாத்திரை ஏதாவது எடுத்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும், வெளியே வரும்போது ‘இதுக்கா வந்தோம்’ என்று தோன்றினாலும் ஆச்சரியமில்லை. அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், மேஜையில் டிஷ்யூ பெட்டியைச் சும்மா வைக்கவில்லை.

அறிவுரை சொல்வார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள், அதற்குத்தான் வீட்டில் சித்தப்பா இருக்கிறாரே. நீங்கள் பேசப் பேச, எங்கே சிக்குகிறது என்று பிடித்துக் காட்டுவார்கள். சில சமயம் வீட்டுப்பாடமும் உண்டு: பதற்றம் வந்த நேரம், அப்போது மனதில் ஓடியது, இரண்டையும் நோட்டில் குறித்துவரச் சொல்வார்கள்.

உங்களைப் பார்ப்பவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) என்றால் ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் கேளுங்கள், தப்பே இல்லை. மாத்திரை தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். சொன்னது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு, முதல் நாளே கேட்டுவிடுங்கள். நாலைந்து தடவை போயும் ஒட்டவில்லையா, ஆளை மாற்றலாம். பணம் இடித்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.