பெனிசிலின் கேள்வியில் மார்க் போகும் இடங்கள்

"பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவரை உடைக்கிறது." "பெனிசிலின் பாக்டீரியாவை எப்படிக் கொல்கிறது?" என்ற கேள்விக்கு வரும் விடைத்தாள்களில் நான் அதிகம் சிவப்பு மையில் சுழித்த வரி இதுவாகத்தான் இருக்கும். சுவரை உடைப்பது நம் கண்ணீரில் இருக்கும் லைசோசைம் என்ற நொதி. 1922இல் அதைப் பற்றி எழுதியவரும் 1928இல் பூஞ்சைத் தட்டில் பெனிசிலினைக் கவனித்தவரும் ஒரே ஆள், அலெக்சாண்டர் ஃபிளெமிங். குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

சுவர் என்றதும் செங்கல்தான் ஞாபகம் வரும். அதை விட்டுவிட்டு மீன்வலையை நினைத்துக்கொள்ளுங்கள். இழைகள் சர்க்கரைச் சங்கிலிகள், முடிச்சுகள் குட்டி பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலத் தொடர்கள். பெப்டைடின் நுனியில் டி-அலனைன் என்ற அமினோ அமிலம் இரண்டு அடுத்தடுத்து இருக்கும். முடிச்சுப் போடும் நொதி அந்த நுனியைப் பிடித்து, கடைசி அலனைனைக் கழற்றிவிட்டு, பக்கத்து இழையோடு கோக்கும். பெனிசிலின் பார்வைக்கு அந்த இரட்டை அலனைன் மாதிரியே இருக்கும். நொதி ஏமாந்து கவ்வும், பெனிசிலினில் இருக்கும் பீட்டா-லாக்டம் வளையம் திறந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் விட முடியாது. மருந்தின் வேலை அத்தோடு சரி.

மிச்சத்தைப் பாக்டீரியாவே பார்த்துக்கொள்கிறது. வளர வேண்டுமானால் பழைய வலையை அங்கங்கே வெட்டி இடம்விட வேண்டும். அப்படி வெட்டும் நொதிகள் ஓயவில்லை, முடிச்சு மட்டும் விழவில்லை. தண்ணீர் உள்ளே ஏற ஏற செல் ஓட்டை வழியே பிதுங்கி வெடிக்கிறது. வளராமல் சும்மா கிடக்கும் பாக்டீரியாவைப் பெனிசிலின் பெரிதாக ஒன்றும் செய்யாததும் இதனால்தான். இதை எழுதாமல் விட்டால் அரை மார்க் போச்சு.

வான்கோமைசின் என்ற இன்னொரு பாக்டீரியா எதிர்ப்பு மருந்தையும் இதே வரியில் சேர்த்துவிடுகிறார்கள். மண் பாக்டீரியா ஒன்று தரும் அந்த மருந்து நொதியைக் கவ்வுவதில்லை, இரட்டை அலனைன் நுனியையே மூடிவிடும். ஆகவே எதிர்ப்பும் வேறு வழியில் வருகிறது. பெனிசிலினுக்கு எதிராகப் பல பாக்டீரியாக்கள் வளையத்தை வெட்டும் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரக்கும். வான்கோமைசினுக்கு எதிராக, கடைசி அலனைன் இருக்கும் இடத்தில் லாக்டேட் என்ற வேறு மூலக்கூறை வைத்துவிடும். "உடம்புக்கு மருந்து பழகிவிட்டது" என்று எழுதாதீர்கள், மாறியது பாக்டீரியா.

வைரஸுக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா வகைக்கும் இந்தச் சுவரே கிடையாது. வைரஸ் சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் பெனிசிலின் வகை மருந்தான அமாக்ஸிசிலின் கேட்பது வீண். நமக்கும்தான் சுவர் இல்லை, ஆகவே பக்கவிளைவே வராது என்று முடிப்பவர்களும் உண்டு. பெனிசிலின் அலர்ஜிக்குச் சுவர் தேவையில்லை. திறந்த வளையம் நம் ரத்தப் புரதங்களிலும் ஒட்டும், அப்படி ஒட்டியதைத்தான் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நியன் என்று பாய்கிறது.